ஸ்டெவினின் ‘எடைக்கலை’: 1586-ல் அச்சான ஒரு நூலைக் கையால் செய்து பார்த்துப் படிக்கும் வழி

நெம்புகோல், சாய்தளம், நீரின் அழுத்தம் மூன்றையும் நாம் பள்ளியில் சூத்திரங்களாகத்தான் படித்தோம். எண்ணைப் போட்டால் விடை வரும். ஏன் வருகிறது என்று கேட்க நேரம் இருந்ததில்லை. அந்த ‘ஏன்’ இன்னும் மனதில் கிடக்கிறது என்றால், சைமன் ஸ்டெவின் 1586-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் அச்சிட்ட நூலைப் படிக்கச் சொல்வேன். டச்சு மொழியில் அதன் பெயர் ‘டெ பெஹின்செலன் டெர் வேஹ்கொன்ஸ்ட்’. எடைக்கலையின் தொடக்கக் கூறுகள் என்று தமிழில் சொல்லலாம்.

ஸ்டெவின் 1548-ல் ப்ரூஷ் நகரில் பிறந்தவர். கணக்கெழுதும் வேலை பார்த்துவிட்டு, 35 வயதில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பதின்மப் பின்னங்களைக் கடைக்காரருக்கும் நில அளவையாளருக்கும் புரியும்படி 1585-ல் ஒரு சிறு நூலாக எழுதியவரும் இவரே. அதற்கு அடுத்த வருடம் வந்தது எடைக்கலை. நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ வர இன்னும் 101 வருடம் இருந்தது.

டச்சு தெரியாமல் இதைப் படிக்க முடியுமா? முடியும். ஆனால் வரிசையாகப் போக வேண்டும். நான் முதலில் நடுவில் திறந்து குழம்பி, இரண்டு வாரம் வீணாக்கி, அப்புறம் கண்டுபிடித்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

மேசையில் இருக்க வேண்டியவை

முதலாவது, 1586 பதிப்பின் ஸ்கேன். பிரதிகள் அரிது. ஏலத்தில் வந்தால் நம் கைக்கு எட்டும் விலையில் இருக்காது. ஆனால் ஐரோப்பிய நூலகங்கள் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருப்பதால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ரோமன் எழுத்தில் ஆசிரியர் பெயரையும் 1586 என்ற வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். வருடம் இல்லாமல் தேடினால் 1605 முதல் 1608 வரை வந்த அவரது பெருந்தொகுப்பும், 1634-ல் வந்த பிரெஞ்சுப் பதிப்பும் கலந்து வரும். அவையும் நல்ல நூல்கள்தான், ஆனால் பக்கமும் அமைப்பும் வேறு.

இரண்டாவது, டெய்க்ஸ்டர்ஹெய்ஸ் பதிப்பித்து 1955-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த, ஸ்டெவினின் முதன்மைப் படைப்புகள் வரிசையின் முதல் தொகுதி. ஒரு பக்கம் மூல டச்சு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அமைந்திருக்கிறது. நெதர்லாந்து அறிவியல் கழகம் இதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இந்தத் தொகுதி இல்லாமல் ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இவற்றோடு ஒரு நோட்டு, பென்சில், நூல், ஒரே அளவுள்ள 14 பாசிமணிகள், கெட்டி அட்டை. பாசிமணி எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

நூலைப் புரட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதல் நாள் எதையும் படிக்க வேண்டாம். புரட்டுங்கள், போதும். ஒரே அட்டைக்குள் பல நூல்கள் இருப்பதும், அவற்றுக்குத் தனித்தனி முகப்புப் பக்கம் இருப்பதும் தெரியவரும். முதலில் எடைக்கலை, அதாவது கோட்பாடு. அடுத்து ‘வேஹ்டாட்’, எடைச்செயல். தராசு, தூக்கும் கருவி போன்ற நடைமுறை விஷயங்கள் இதில் வருகின்றன. அடுத்து ‘வாட்டர்விக்ட்’, நீரெடை. கடைசியில் ஒரு பின்னிணைப்பு. கோட்பாடு வேறு, செயல் வேறு என்று பிரித்துவிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்று காட்டுவதில் ஸ்டெவினுக்குப் பெரிய அக்கறை.

முகப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நடுவில் ஒரு முக்கோணம், அதைச் சுற்றி ஒரு மணிமாலை. கூடவே ஒரு வாசகம்: ‘வியப்பு வியப்பல்ல’. அடியில் லெய்டன், கிறிஸ்டோஃபல் பிளாண்டின் அச்சகம், பிரான்சுவா வான் ராஃபலிங்கன் வழியாக, வருடம் ரோமன் எண்ணில். ஆண்ட்வெர்ப்பின் பெரிய அச்சகரான பிளாண்டின் சில வருடம் லெய்டனில் இருந்துவிட்டு 1585-ல் ஊர் திரும்பினார். லெய்டன் கடையை மருமகன் ராஃபலிங்கன் பார்த்துக்கொண்டார். ஒரே முகப்பில் இரண்டு பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சொல் நிற்கும். அது அடுத்த பக்கத்தின் முதல் சொல். சில தாள்களின் அடியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அவை மடித்த தாள்களை வரிசையாகச் சேர்க்க பைண்டருக்குக் கொடுத்த குறிகள். ஸ்கேனில் ஏதாவது பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க இவை இரண்டும் போதும்.

குறிப்பு எழுதும்போது பக்க எண்ணை நம்பாதீர்கள். எடைக்கலைக்குள் இரண்டு புத்தகங்கள், அவற்றில் எண்ணிட்ட முன்மொழிவுகள் உண்டு; ‘எடைக்கலை, முதல் புத்தகம், முன்மொழிவு 19’ என்று எழுதுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

எழுத்தோடு பழகுவது

ஒரு நாள் போதும். நீண்ட எஸ் எழுத்து எஃப் போலவே தெரியும், குறுக்குக் கோடு மட்டும் முழுதாக இருக்காது. யூ, வி இரண்டும் இடம் மாறி வரும். எழுத்துக்கூட்டலும் இன்றைய டச்சிலிருந்து வேறு. பழைய ஏட்டில் புள்ளி இல்லாமல், எகர ஏகார வேறுபாடு இல்லாமல் தமிழ் படித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டமே இல்லை. கண் பழகும் வரை எதிர்ப்பக்க மொழிபெயர்ப்போடு பத்து வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவருடைய சொற்களுக்கு ஒரு நோட்டு

இந்த வேலையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். புத்தகத்தின் தொடக்கத்தில் டச்சு மொழியின் பெருமையைப் பற்றி ஸ்டெவின் ஓர் உரை எழுதியிருக்கிறார். இயந்திரவியலுக்கு முன்னால் மொழி எதற்கு என்று பலர் இதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் இரண்டு முறை படித்தேன். அன்று படித்தவர்கள் லத்தீனில்தான் எழுதினார்கள். இவர் தன் ஊர்ப் பேச்சில் எழுதுகிறார், ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறார். ஓரசையில் அமையும் தன்மை வினைச்சொற்கள் டச்சில் 742, லத்தீனில் 5, கிரேக்கத்தில் 45 என்று பட்டியல் போடுகிறார். சிறு சொற்கள் நிறைய இருந்தால் அவற்றைச் சேர்த்துப் புதுச் சொல் கட்டுவது எளிது என்பது அவர் வாதம். இந்த எண்ணிக்கையால் ஒரு மொழி உயர்ந்ததாகிவிடாது. ஆனால் ‘எங்கள் மொழியில் அறிவியலா’ என்ற கேள்வியோடு வளர்ந்த நமக்கு, 1586-ல் ஒருவர் அதே கேள்விக்குச் சொல் சொல்லாக எண்ணிப் பதில் சொல்வதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. கணிதத்துக்கு அவர் பயன்படுத்திய ‘விஸ்கொன்ஸ்ட்’, உறுதியான கலை என்ற பொருள் தருவது. இன்றும் டச்சுப் பள்ளிகளில் கணிதத்துக்கு ‘விஸ்குண்டே’ என்றுதான் பெயர்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். ஒன்றில் அவர் சொல், அடுத்ததில் அதன் நேர்ப்பொருள், மூன்றாவதில் நம் பாடப்புத்தகச் சொல். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தாத இடங்களில் நின்று யோசியுங்கள். ஓர் உதாரணம்: அவர் ‘ஸ்வார்ஹெய்ட்ஸ் மிடல்புண்ட்’ என்கிறார். பாரத்தின் நடுப்புள்ளி. நம் புத்தகத்தில் இது ஈர்ப்பு மையம். ஆனால் பூமி இழுக்கிறது என்ற எண்ணம் இந்த நூலில் எங்கும் இல்லை. ‘ஈர்ப்பு’ என்று மொழிபெயர்த்த உடனே, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் போட்டுவிடுகிறோம். அதனால் ‘பாரநடு’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல் ‘ஸ்டால்ட்விக்ட்’. ஒரு பொருள் இருக்கும் இருப்பைப் பொறுத்து வெளிப்படும் எடை என்று பொருள். 10 கிலோ மூட்டை தராசில் 10 கிலோதான். அதையே சாய்ந்த பலகையில் வைத்துக் கயிற்றால் பிடித்தால் கைக்கு அவ்வளவு பாரம் தெரியாது. கைக்குத் தெரிகிற அந்தப் பாரத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டதால், விசைக்கூறு என்ற கருத்து இல்லாமலே அவரால் கணக்கை நடத்த முடிகிறது.

ஒரு முன்மொழிவின் உடற்கூறு

நூல் வரையறைகளில் தொடங்கி எடுகோள்களுக்குப் போகிறது. எடுகோளுக்கு அவர் வைத்த பெயர் ‘பெஹேர்ட்டன்’, வேண்டுகோள்கள். ‘இதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்’ என்ற தொனி. அப்புறம் முன்மொழிவுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ‘வெர்டோஹ்’ அல்லது ‘வெர்க்ஸ்டிக்’ என்று இருக்கும். முன்னது தேற்றம், பின்னது செய்து காட்ட வேண்டிய கணக்கு. உள்ளே கொடுக்கப்பட்டது, வேண்டப்படுவது, ஆயத்தம், நிரூபணம், முடிவு என்று ஒழுங்காகப் பிரித்திருப்பார். இந்த ஐந்து டச்சுச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால், பக்கத்தைப் பார்த்ததும் வாதத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

படிக்கும் முறை இது: படத்தை நோட்டில் நீங்களே வரைந்து எழுத்துகளைப் போடுங்கள். கொடுக்கப்பட்டதையும் வேண்டப்படுவதையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். கால் மணி நேரம் நீங்களே முயலுங்கள். அப்புறம் நிரூபணத்தைப் படியுங்கள். எந்தக் கட்டத்திலும் சைன், கொசைன், எஃப் சமன் எம்ஏ என்று மாற்றி எழுதாதீர்கள். மாற்றினால் இரண்டு வரியில் விடை வந்துவிடும், அவர் யோசித்த வழி கண்ணில் படாமலே போய்விடும். நான் முதலில் செய்த தவறு இதுதான்.

முதல் முன்மொழிவு நெம்புகோல் விதி. ஒரு நீள அட்டைப் பட்டையை 6 சம பாகமாகக் கோடு போட்டு, நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அது சமமாக நிற்கும். இப்போது நான்காம் பாகத்தின் முடிவில் பட்டையைப் பிரிப்பதாக மனதில் நினையுங்கள். ஒரு துண்டு 4 பாகம், இன்னொன்று 2 பாகம். அந்தத் துண்டுகளின் பாரநடு, தொங்கும் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பெரிய துண்டுக்கு 1, சிறியதற்கு 2. எடை 4க்கு 2, தூரம் 1க்கு 2. பட்டை அசையவே இல்லை, நாம் வெட்டவும் இல்லை, விதி வந்துவிட்டது. ஆர்க்கிமிடீஸ் போன பாதை இது. ஸ்டெவின் அதைக் கடைக்காரருக்கும் விளங்கும்படி வைக்கிறார்.

மணிமாலை

இனி பாசிமணியை எடுங்கள். முதல் புத்தகத்தின் 19ஆம் முன்மொழிவுதான் முகப்புப் படத்துக்கு மூலம். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

கெட்டி அட்டையில் 40, 20, 45 சென்டிமீட்டர் பக்கங்களுள்ள முக்கோணம் வெட்டுங்கள். 45 உள்ள பக்கம் கீழே, மட்டமாக இருக்கட்டும். அப்போது ஒரு சரிவு இன்னொன்றைப் போல இருமடங்கு நீளம். 140 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வளையமாக நூலைக் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 14 மணிகளைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். முக்கோணத்தின் மேல் மாலையாகப் போட்டால் நீளச் சரிவில் 4 மணி, குட்டைச் சரிவில் 2 மணி, கீழே 8 மணி தொங்கும். ஸ்டெவின் படத்திலும் இதே எண்ணிக்கைதான்.

கேள்வி இதுதான்: ஒரு பக்கம் 4, இன்னொரு பக்கம் 2. மாலை தானாக நழுவுமா?

நழுவும் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார் ஸ்டெவின். 4 மணி உள்ள பக்கம் கீழே இறங்குகிறது. மாலையை விரலால் பிடித்து சரியாக ஒரு மணி தூரம் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியின் இடத்துக்கு வந்திருக்கும். மறுபடியும் 4, 2, 8. எதுவுமே மாறவில்லை! அப்படியானால் முதலில் நழுவக் காரணமாக இருந்தது இப்போதும் இருக்கிறது. மறுபடி நழுவும், மறுபடியும், முடிவே இல்லாமல். தானாகத் தொடங்கி முடிவின்றி ஓடும் இயக்கம் கிடையாது, அது பொய் என்கிறார் அவர். ஆகவே மாலை அசையாது.

இப்போது கீழே தொங்கும் 8 மணிகளை எடுத்துவிடுங்கள். அவை இரண்டு மூலைகளையும் சமமாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தன, பாதிக்குப் பாதி. சமத்திலிருந்து சமத்தை எடுத்தால் மிச்சமும் சமம். நீளச் சரிவின் 4 மணி, குட்டைச் சரிவின் 2 மணிக்குச் சமமாக நிற்கிறது. சரிவு எத்தனை மடங்கு நீளமோ, அத்தனை மடங்கு எடையை அது தாங்கும். சாய்தள விதி முடிந்தது. ஒரு பெருக்கல் கூட இல்லை.

இங்கே மூன்று இடங்களில் புதியவர்கள் இடறுவார்கள்.

முக்கோணத்தின் அடிப்பக்கம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்று ‘கொடுக்கப்பட்டதில்’ அவர் எழுதியிருப்பதை வேகமாகத் தாண்டிவிடுவோம். இரண்டு மூலையும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் தொங்கும் பகுதி இடமும் வலமும் ஒரே மாதிரி வளையும். அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், தொங்கும் மாலை ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது அந்த 8 மணியை எடுத்துவிடும் வாதம் நிற்காது. நிபந்தனையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிரூபணத்தில் எங்கோ ஒரு வேலை இருக்கிறது.

அடுத்தது உராய்வு. அட்டை மேல் மாலை அசையாமல் நிற்பதைப் பார்த்து ‘நிரூபித்துவிட்டேன்’ என்று நினைக்காதீர்கள். உராய்வு பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மணி ஒன்று தள்ளினால் எதுவும் மாறுவதில்லை என்று கண்ணால் காண்பதற்கே இந்த அட்டை. நிரூபணம் மனதில்தான் நடக்கிறது.

மூன்றாவது, நல்ல மாணவர்களுக்கு வரும் சந்தேகம். உராய்வே இல்லாவிட்டால், ஒரு முறை தள்ளிவிட்ட மாலை ஓடிக்கொண்டே இருக்குமே, அப்போது முடிவற்ற இயக்கம் எப்படிப் பொய்யாகும்? இதைக் கேட்க வேண்டும். தள்ளிவிட்டால் ஓடுவது வேறு, ஓய்வில் இருப்பது யாரும் தொடாமல் தானே ஓடத் தொடங்குவது வேறு. வாதத்துக்குத் தேவைப்படுவது பின்னதன் மறுப்பு மட்டுமே. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883-ல் எழுதிய இயந்திரவியல் வரலாற்றில் இந்த மாலைக்கு நிறைய இடம் கொடுத்தார். எந்தச் சோதனையும் செய்யாமலே இப்படி நடக்காது என்று நமக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்பது அவரை ஈர்த்தது.

இந்த விதியை முதலில் கண்டவர் ஸ்டெவின் அல்ல என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் ஜோர்டானுஸ் பெயரில் வழங்கும் நூலில் சரியான விடை இருக்கிறது. ஆனால் 1577-ல் அச்சான, இத்தாலியர் குயிடோபால்டோவின் புகழ்பெற்ற இயந்திரவியல் நூல், பழைய கிரேக்கக் கணித அறிஞர் பாப்புஸ் சொன்ன தவறான விடையையே பின்பற்றியது.

சரிபார்க்க விரும்பினால், 60 சென்டிமீட்டர் பலகையின் ஒரு முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பொம்மை காரில் கல் வைத்து மொத்தம் 200 கிராம் ஆக்கி, மேல் முனையில் ஒரு சின்னக் கப்பி வழியாக நூல் போட்டு, மறுமுனையில் எடை தொங்கவிடுங்கள். 100 கிராமை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே, கார் நிற்கும்.

நீரெடை, அவசியமான ஒரு சோதனை மட்டும்

எடைக்கலையின் இரண்டாம் புத்தகம் வடிவங்களின் பாரநடுவைக் கண்டுபிடிப்பது. வடிவியலில் ஆசை இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் முதல் சுற்றில் விட்டுவிடலாம். நேராக நீரெடைக்குப் போங்கள்.

அங்கே அவர் சொல்வது: பாத்திரம் விரிந்தாலும் குறுகினாலும், மட்டமான அடித்தளத்தின் மேல் நீர் தரும் பாரம், அந்த அடித்தளமும் நீரின் உயரமும் கொண்ட நேரான நீர்த்தூணின் எடைக்குச் சமம். குறுகிய கழுத்தில் கொஞ்சம் நீர் இருந்தாலும் போதும். இதை நம்ப மனம் வராது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் தட்டையாக வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவி, ஒரு பிளாஸ்டிக் தட்டை ஒட்டிப் பிடித்தபடி, வாளித் தண்ணீரில் பாட்டிலைக் கழுத்துவரை நேராக அமிழ்த்தி, தட்டைப் பிடித்த கையை மட்டும் எடுங்கள். தட்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். இப்போது வாய் வழியாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்மட்டம் வெளிமட்டத்தை நெருங்கும்போது தட்டு விலகி விழும். நேரான குழாயிலும் செய்து பாருங்கள், அதே மட்டத்தில்தான் விழும். தட்டு கனமாக இருந்தால் சற்று முன்னாலேயே விழும், அதனால் மெல்லியதாக எடுங்கள்.

கடைசியாகப் பின்னிணைப்பு

கனமான பொருள் வேகமாக விழும் என்ற அரிஸ்டாட்டில் வழிக் கருத்துக்கு எதிராக, யான் கோர்னெட்ஸ் டெ க்ரோட்டும் தானும் செய்த சோதனையை ஸ்டெவின் இங்கே எழுதியிருக்கிறார். சட்ட அறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸின் தந்தைதான் இந்த டெ க்ரோட். ஒன்றைப் போல இன்னொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகள், 30 அடி உயரம், கீழே ஒரு பலகை. கலிலியோ பீசாவில் ஆசிரியராகச் சேர்ந்தது 1589-ல்தான். அதற்கு முன்பே இது அச்சில் வந்துவிட்டது.

இதையும் செய்து பாருங்கள். கீழே யாரும் வராமல் ஒருவரை நிறுத்திவிட்டு, மாடியிலிருந்து ஒரு பெரிய கல்லையும் ஒரு சின்னக் கல்லையும் ஒரே நேரத்தில் தகரத்தின் மேல் விடுங்கள். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், கண் அவ்வளவு வேகமாகப் பிரித்துப் பார்க்காது. அவர்கள் இருவரும் காதைத்தான் நம்பினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தட்டும் சத்தம் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள்.